உங்கள் வாரத்துக்கு எட்டு நாள்

கேள்வி:

வணக்கம் அம்மா. எனக்கு வயது 34. வீடு புக்கிட் மெர்தாஜமில், வேலை பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில். டெக்னீஷியன். நாலு நாள் பகல் வேலை, நாலு நாள் ஓய்வு, பிறகு நாலு நாள் இரவு வேலை, மறுபடி நாலு நாள் ஓய்வு. ஏழு மணிக்கு ஏழு மணி, பன்னிரண்டு மணி நேரம். கணக்குப் பார்த்தால் வருடத்தில் பாதி நாள் வீட்டில்தான் இருக்கிறேன். அந்தப் பாதி வருடத்தில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. தூங்குகிறேன், டிக்டாக் பார்க்கிறேன், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறேன். சின்ன வயதில் கோயிலில் மிருதங்கம் கற்றவன். போன வருடம் செவ்வாய்க்கிழமை இரவு வகுப்பில் மறுபடி சேர்ந்தேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஓடவில்லை. பேட்மிண்டன் கூட்டத்திலும் அதே கதை. வாத்தியார் இரண்டு தடவை போன் செய்தார், வெட்கத்தில் எடுக்கவில்லை. இப்போது சும்மா கிடப்பதற்கு ஓ.டி.யாவது (கூடுதல் நேர வேலை) பார்க்கலாம் என்று ஓய்வு நாளிலும் போகிறேன். மனைவி அலுவலகத்தில் கிளார்க், திங்கள் முதல் வெள்ளி வரை வேலை. "பாதி வருஷம் படுத்தே கிடக்கிறீங்க" என்கிறாள். மச்சான் டிப்ளோமா படி என்கிறார். யூடியூப்பைப் பார்த்து அரைமணிக்கு அரைமணி கால அட்டவணை போட்டேன், மூன்று நாள் தாங்கவில்லை. நான் சோம்பேறியா? ஓய்வு நேரத்தை உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி? வாத்தியாரிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் குதிரை காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தேன். ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, நாலு நாள் வேலை, நாலு நாள் ஓய்வு என்று எட்டு வாரத்துக்குக் கட்டம் போட்டேன். பிறகு செவ்வாய்க்கிழமைகளை மட்டும் பார்த்தேன். முதல் நாலு செவ்வாய் ஓய்வில் விழுந்தன. அடுத்த நாலு செவ்வாயும் வேலையில் விழுந்தன.

எங்கிருந்து தொடங்கினாலும் இதுதான் வரும். ஊருக்கு வாரம் ஏழு நாள், உங்களுக்கு எட்டு நாள். அதனால் ஒவ்வொரு செவ்வாயும் உங்கள் சுற்றில் ஒரு நாள் முன்னே தள்ளிப்போய் விழுகிறது. நாலு வாரம் வரிசையாக வகுப்புக்குப் போயிருப்பீர்கள், வாத்தியாரும் சந்தோஷப்பட்டிருப்பார். அதற்கடுத்த நாலு வாரம் வகுப்பு நடக்கும் நேரத்தில் நீங்கள் தொழிற்சாலையில் இருந்திருப்பீர்கள், இல்லை அப்போதுதான் பகல் வேலை முடிந்து பினாங்குப் பாலத்தில் வந்துகொண்டிருந்திருப்பீர்கள். ஒன்பதாவது செவ்வாய் போய் உட்கார்ந்தபோது மற்ற பிள்ளைகள் எங்கேயோ போயிருப்பார்கள், உங்கள் கை மட்டும் பழைய பாடத்தில் நின்றிருக்கும். "இரண்டு மாதத்துக்கு மேல் ஓடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டு வாரம்! பேட்மிண்டனும் அதே கணக்கில்தான் விட்டுப்போயிருக்கும். அந்தக் கூட்டம் எந்தக் கிழமையில் விளையாடியது என்பதைக்கூட நான் கேட்க வேண்டியதில்லை.

நீங்கள் சோம்பேறியா என்ற கேள்விக்கு என் பதில் அந்தக் காலண்டரில் இருக்கிறது. சோம்பேறி இரண்டாம் வாரமே நின்றிருப்பான்.

ஆகவே முதல் காரியம், கிழமையை விட்டுவிடுங்கள். உங்களுக்குச் செவ்வாய், புதன் என்று ஒன்றும் கிடையாது. ஓய்வின் முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நாலாம் நாள். அவ்வளவுதான் உங்கள் நாட்காட்டி. எதைத் தொடங்கினாலும் "ஓய்வின் இரண்டாம் நாள்" என்று அதற்குப் பெயர் வையுங்கள். அப்படி வைத்தால் எட்டு நாளுக்கு ஒரு தடவை தவறாமல் வரும். வருடத்துக்கு நாற்பத்தைந்து தடவை! கிழமைக் கணக்கில் போனால் வருடத்துக்கு இருபத்தாறு வகுப்புதான் கிடைக்கும், அதுவும் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு விட்டு.

இதற்கு ஒத்துவரக்கூடியவர்கள் யார்? குழுவாகச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒத்துவராது. தனியாகச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒத்துவருவார். விளையாட்டுக்கோ மலையேறவோ துணை வேண்டுமென்றால் பள்ளித் தோழர்களைத் தேடாதீர்கள், அவர்கள் ஏழு நாள் வாரக்காரர்கள். உங்களோடு ஒரே ஷிப்ட்டில் நிற்கிறார்களே, அவர்களுக்கும் இதே நாள்தான் ஓய்வு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு பேட்மிண்டன் கோர்ட் காலியாகக் கிடக்கும், வாடகையும் பல இடங்களில் குறைவு. நாலு பேர் சேர மாட்டார்களா? மலாய்க்காரரோ சீனரோ நேப்பாளியோ, யாராக இருந்தால் என்ன. வேலை இடத்து முகத்தை ஓய்விலும் பார்க்க வேண்டுமா என்று தோன்றும். சூப்பர்வைசரைத் திட்டும் பேச்சை கோர்ட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வர முடிகிறவர்களை மட்டும் கூப்பிடுங்கள்.

இனி தூக்கம். இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. என் அப்பா பட்டர்வொர்த்தில் ரயில்வேயில் ஷிப்ட் வேலை பார்த்தவர். இரவு வேலை முடிந்து வந்து அவர் படுத்தால் அம்மா ஜன்னலில் தடித்த போர்வையைக் கட்டிவிடுவார். நாங்கள் ஐந்து பிள்ளைகளும் காலடிச் சத்தம் கேட்காமல் நடப்போம். பக்கத்து வீட்டில் குழம்புக்கு அம்மி அரைத்தால்கூட அம்மா போய்ச் சொல்லிவிட்டு வருவார். அப்பாவின் தூக்கத்தை அந்த வீடு அவருடைய வேலையின் பாகமாகத்தான் நினைத்தது. "படுத்தே கிடக்கிறார்" என்று யாரும் சொன்னதில்லை. உங்கள் மனைவியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் அலுவலகம் முடிந்து மாலையில் வரும்போது நீங்கள் கட்டிலில் கிடப்பதுதான் அவர் கண்ணில் படுகிறது. அதற்கு முந்தைய பன்னிரண்டு மணி நேர இரவு அவர் கண்ணில் படுவதில்லை.

ஆனால் உங்கள் இரண்டு ஓய்வும் ஒன்றல்ல. பகல் வேலைக்குப் பின் வரும் நாலு நாள் முழுசாக நாலு நாள். இரவு வேலைக்குப் பின் வருவது உண்மையில் மூன்று நாள்தான். முதல் நாளில் உருப்படியாக எதையும் செய்ய வேண்டாம். ஒன்றே ஒன்று: அன்றைக்குச் சாயங்காலம் வரை தூங்காதீர்கள். காலை எட்டு மணிக்கு வீடு வந்தால் குளித்து, லேசாகப் பசியாறி, இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் தூங்குங்கள். அலாரம் வைத்து எழுந்து, பகல் வெளிச்சத்தில் வெளியே போங்கள். மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவதே போதும். அன்று இரவு ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கண் சொக்கும், படுத்துவிடுங்கள். நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது வெளிச்சம்தான். காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை திரைபோட்ட அறையில் தூங்கினால் உடம்பு இன்னும் இரவு ஷிப்ட்டிலேயே இருக்கும். அன்று இரவு தூக்கம் வராது, கையில் போன் வரும், விடிய நாலு மணி ஆகும். இரண்டாம் நாளும் போச்சு. நீங்கள் சொல்லும் டிக்டாக் நோயில் பாதி இப்படி வருவது என்று நினைக்கிறேன்.

நாலாம் இரவு முடிந்து எப்படிப் பாலம் கடக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒன்றுமில்லை, மோட்டார் சைக்கிளில்தான் என்று வைத்துக்கொள்கிறேன். எனக்கு அதுதான் முதலில் உறுத்தியது. பதின்மூன்றரை கிலோமீட்டர், காற்று, கண் எரிச்சல். கம்பெனி பஸ் இருந்தால் இரவு ஷிப்ட்டுக்கு மட்டுமாவது அதில் வாருங்கள். இல்லாவிட்டால் கிளம்புமுன் இருபது நிமிடம் எங்காவது சாய்ந்து கண்ணை மூடிவிட்டுப் புறப்படுங்கள்.

வேலை நாட்களையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பன்னிரண்டு மணி நேர வேலை, போக வர இரண்டு மணி நேரம், தூக்கம் ஏழு, மிச்சம் மூன்று. அந்த மூன்றில் சாப்பாடும் குளியலும் மகளின் முகமும். அந்த நாலு நாளில் எந்தத் திட்டமும் வேண்டாம்.

அப்படியானால் ஓய்வு நாட்களில் ஏன் இந்த வெறுமை? மரிசா ஷரீஃப், கேசி மோகில்னர், ஹால் ஹெர்ஷ்ஃபீல்ட் என்ற மூவர் 2021ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. முப்பத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் தந்த விவரங்களை வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஓய்வு கிடைத்தவர்கள் நெருக்கடியில் இருந்தார்கள். இது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனாலும் மன நிறைவு இறங்கத் தொடங்கியது. அந்த நேரத்தை மனிதர்களோடு கழித்தாலோ, பயனுள்ள ஏதோ ஒன்றில் செலவிட்டாலோ அந்த இறக்கம் அவ்வளவாகத் தெரியவில்லை. அமெரிக்கக் கணக்கு பினாங்குக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் உங்கள் நிலையைப் பாருங்கள். வேலை நாளில் ஓய்வு இரண்டு மணியைத் தாண்டாது. ஓய்வு நாளில் மனைவி அலுவலகத்திலும் மகள் பள்ளியிலும் இருக்க, காலை ஏழிலிருந்து மதியம் வரை வீட்டில் தனியாள். இரண்டு ஓரத்திலும் மாறி மாறி நிற்கிறீர்கள்.

ஓ.டி. அந்தத் தனிமையை அடைக்கிறது, எனக்குப் புரிகிறது. காசும் வருகிறது. ஆனால் சபீன் சொன்னென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2007ல், வேலைக் களைப்பிலிருந்து மனிதன் மீள்வதற்கு நாலு அனுபவங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: மனம் வேலையை விட்டுக் கழன்றுகொள்வது, உடல் தளர்வது, புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, நேரம் தன் கையில் இருக்கிறது என்று உணர்வது. கட்டிலும் டிக்டாக்கும் இரண்டாவதை மட்டும் தருகின்றன. ஓ.டி. நாலில் ஒன்றையும் தராது. மாதத்துக்கு 104 மணி நேரத்துக்கு மேல் ஓ.டி. கூடாது என்று மலேசியச் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. அதை யாரும் எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடன் ஏதாவது இருந்து அதற்காகப் போகிறீர்கள் என்றால் அது வேறு பேச்சு. சும்மா கிடக்கக் கூடாது என்பதற்காகப் போவதானால், இரவு வேலைக்குப் பின் வரும் ஓய்வில் மட்டுமாவது வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்.

அரைமணிக் கால அட்டவணை உடைந்ததில் எனக்கு வருத்தமில்லை. கேப்ரியலா டோனியெட்டோ, செலின் மல்கோச் என்ற இருவர் 2016ல் காட்டியது இது: விருப்பமான பொழுதுபோக்கையும் குறித்த மணிக்கு என்று எழுதி வைத்தால் அது வேலையைப் போல ஆகி, ருசி குறைகிறது. மணியைக் குறிக்காமல் தோராயமாக வைத்துக்கொண்டால் அந்தக் கெடுதல் இல்லை. "9.30: மிருதங்கம்" என்று எழுதினால் 9.40க்கு நீங்கள் குற்றவாளி. "பசியாறின பிறகு மிருதங்கம்" என்று வைத்துக்கொண்டால் பசியாறுவது எட்டானாலும் பத்தானாலும் யாருக்கும் நஷ்டமில்லை. தொழிற்சாலையில் நிமிடம் நிமிடமாக எண்ணுகிறவருக்கு வீட்டிலும் எதற்கு அந்த மணி?

வார நாளில் ஓய்வாக இருப்பவருக்கு இந்த ஊர் வேறு முகத்தைக் காட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கொடிமலை ரயிலுக்கு வரிசையில் நின்று வெறுத்துப்போனவர்கள் புதன்கிழமை காலை போய்ப் பார்க்கலாம். 1923லிருந்து மலையேறும் ரயில் அது, ஒரு காலைப்பொழுதுக்குத் தாங்கும். தண்ணீர்மலைப் பூங்காவில் 1884லிருந்து வளர்க்கப்பட்ட மரங்களுக்கு அடியில் வார நாளில் வயதானவர்களும் குரங்குகளும்தான் இருப்பார்கள். அவ்வளவு தூரம் எதற்கு, உங்கள் புக்கிட் மெர்தாஜமிலேயே செரோக் தோக்குன் காடு இருக்கிறதே! காலை ஏழரைக்கு மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே அங்கே போனால் வெயில் ஏறுமுன் திரும்பலாம். அதற்குப் பக்கத்தில் செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில், பழைய இந்திய எழுத்துகள் பொறித்த ஒரு பாறை இருக்கிறது. 1845ல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி கண்டுபிடித்தது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலர் அதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழ்ப்பள்ளியில் படிக்கிற பிள்ளையானால் ஒரு எழுத்தாவது புரிகிறதா என்று விரல் வைத்துத் தேடும்.

மச்சானின் டிப்ளோமா: உங்கள் கடிதத்தில் அது ஒரே வரி, மிருதங்கம் நாலு வரி. இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது. கை வேலை ஏதாவது கற்க ஆசை வந்தால் கோலேஜ் கொமுனிட்டியில் (அரசாங்க சமூகக் கல்லூரி) ஒரு நாள், இரண்டு நாள் குறுகிய பயிற்சிகள் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன. பாயான் பாருவிலும் கெப்பாலா பத்தாஸிலும் உண்டு. இரண்டு நாள் பயிற்சி உங்கள் நாலு நாளுக்குள் அடங்கும், மூன்று வருடப் படிப்பு அடங்காது.

இப்போது கொஞ்சம் கசப்பாக ஒன்று. கடிதம் முழுவதும் உங்கள் ஓய்வு நேரம் பற்றித்தான். உங்கள் மனைவிக்கு ஓய்வு நேரம் எப்போது? ஐந்து நாள் அலுவலகம், சனி ஞாயிறு துணியும் சமையலும் மகளின் வீட்டுப்பாடமும். நீங்கள் வேலையில் இருக்கும் நாட்களில் எல்லாம் அவர் ஒருத்திதான். "படுத்தே கிடக்கிறீங்க" என்ற சொல்லுக்குள் இருப்பது உங்கள் மேல் கோபம் மட்டும்தானா என்று யோசியுங்கள். காலண்டரில் சனிக்கிழமைகளையும் பார்த்துவிட்டேன்: நாலு சனி உங்களுக்கு வரிசையாக ஓய்வு, அடுத்த நாலு சனி வேலை. அந்த ஓய்வுச் சனிகளில் இரண்டை அவருக்குக் கொடுங்கள். மகளும் சமையலும் உங்கள் பொறுப்பு. அவர் எங்கே போகிறார், எப்போது வருகிறார் என்று கேட்காதீர்கள். இதை "உதவி செய்கிறேன்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், எனக்குத் தெரிந்த மனைவிமார் யாருக்கும் அந்த வார்த்தை பிடிப்பதில்லை. வார நாளில் வீட்டில் இருக்கும்போது மின்சார பில், மோட்டார் ரோட் டெக்ஸ், சந்தைக்குப் போவது போன்றவற்றை நீங்கள் முடித்து வைத்தால் அவருடைய சனி இன்னும் கொஞ்சம் நீளும்.

ஒரு எச்சரிக்கையையும் எழுதாமல் விட முடியாது. தூக்கத்தைச் சரிசெய்த பிறகும், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசையே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, மகளோடு பேசக்கூட மனம் வரவில்லை என்றிருந்தால் அது ஓய்வு நேரப் பிரச்சினை இல்லை. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பாருங்கள். யாரிடமாவது பேசினால் போதும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555 இருக்கிறது. இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு மனச்சோர்வு வருவது அபூர்வமில்லை. கடிதத்தை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு அப்படித் தெரியவில்லை. மிருதங்கத்தைப் பற்றி எழுதும்போது எழுத்தே கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

வாத்தியாருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சமாதானம் எதுவும் வேண்டாம். உங்கள் ஷிப்ட் அட்டவணையை மூன்று மாதத்துக்கு அச்சிட்டு, ஓய்வின் இரண்டாம் நாட்களை வட்டமிட்டு எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். அவர் இரண்டு தடவை போன் செய்தவர், கதவைத் திறப்பார். "வாத்தியாரே, எனக்குச் செவ்வாய்க்கிழமை கிடையாது. இந்த வட்டம் போட்ட நாட்களில் வந்தால் தனியாகச் சொல்லித் தருவீங்களா?" என்று கேளுங்கள். மிருதங்கத்தையும் கையோடு கொண்டு போங்கள். ஒரு வருடமாக மூலையில் கிடந்தது, நம் ஊர் ஈரத்துக்கு வார் தளர்ந்திருக்கும். முதல் நாள் பாடம் அதை இழுத்துக் கட்டுவதிலேயே போய்விடும்.